கிரகணத்தன்று மல்லிகா வெளியே வந்தாள்

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. வேலைக்குக் கிளம்ப ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன். தொலைபேசி அடித்தது. டொரொண்டோவில் மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஓர் அம்மா. எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிற பொம்பளை என்று யாரோ என்னை அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

புதன்கிழமை சூரிய கிரகணமாமே, எத்தனை மணிக்குப் பிடிக்கிறது, எத்தனை மணிக்கு விடுகிறது என்று கேட்டார். சொன்னேன். நிமிஷக் கணக்கோடு சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. எதற்கு என்று கேட்டேன். மருமகள் ஆறு மாதம், அந்த நேரம் முழுக்கத் திரையை இழுத்துவிட்டு அறையில் படுக்கவைக்க வேண்டும் என்றார்.

நான் சொன்னேன்: அதே நேரத்தில் அந்தப் பெண்ணை வெளியே அழைத்து வாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, யாருமே பார்க்கக் கூடாது. ஒரு அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு, கீழே விழுகிற வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும்.

அந்த அம்மா தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று மாலை மகன் கூப்பிட்டார். படித்த பையன், பெரிய உத்தியோகம். அம்மாவைக் குழப்பாதீர்கள் ஆண்டி, இதில் நமக்கு என்ன நஷ்டம், ரெண்டு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார்.

என்ன நஷ்டம் என்று கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். ஹாமில்டனில் எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில், சலவைக்கூடத்து வேலை முடிந்துவந்த கையோடு. திருவண்ணாமலையில் இருக்கிற என் தங்கை மல்லிகாவின் சம்மதத்தோடு. அவள் பெயரையும் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

2

நான் கனடாவுக்கு வந்தது எழுபத்திரண்டில். என் கணவருக்கு இரும்பாலையில் வேலை. எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். வந்த ஐந்தாவது வருஷம், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் பழைய சாமான் விற்றார்கள். கம்பளிச் சட்டை தேடிப் போனவள் ஒரு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு கை நீளம் வெள்ளைக் குழாய், மூன்று மரக்கால். பெட்டியின் மேல் சனிக்கிரகம் வண்ணத்தில் ஜொலித்தது. உள்ளே பார்த்தால் எல்லாம் புள்ளிதான். காற்றடித்தால் புள்ளியும் ஓடிப்போய்விடும்.

அதோடு ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தார்கள். நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். சூட்டில் அந்தக் கண்ணாடி வெடிக்கும், கண் போய்விடும் என்று இருந்தது. அன்றைக்கே அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். சூரியனைப் பார்க்க வேறு வழியும் அதே புத்தகத்தில் இருந்தது. குழாயைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டு, கண் வைக்கிற இடத்துக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால், சூரியன் காகிதத்தில் ஒரு வட்டமாக வந்து உட்காரும்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு துண்டு நிலம். பனிக்காலத்தில் குழாயின் இரும்புத் திருகாணியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். வேலியின் அந்தப் பக்கம் போலந்துக்காரக் கிழவர் ஒருவர். முதல் வருஷம், ஜன்னலை வேவு பார்க்கிறாயா என்று கேட்க வந்தவர், என்னதான் தெரிகிறது என்று நின்றுவிட்டார். வியாழன் கிரகத்தைச் சுற்றுகிற நிலவுகளுக்கு எனக்கு ஆங்கில வார்த்தை வரவில்லை. வியாழனும் அவருடைய நாலு பிள்ளைகளும் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் வேலியோரம் பார்த்தால், பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்கிறார்.

என் சொந்தப் பிள்ளை வெளியே வருவதில்லை. கவிதாவுக்குப் பதினொரு வயது. சின்னவளாக இருந்தபோது என் பூட்ஸ் மேல் ஏறி நின்று பார்ப்பாள். இப்போது குளிருகிறது என்று உள்ளேயே இருக்கிறாள். அவள் தமிழில் எல்லோருக்கும் மரியாதை உண்டு. சூரியன் வந்தாங்க, நிலா போயிட்டாங்க என்பாள். திருத்தினால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அதனால் திருத்துவதை விட்டுவிட்டேன்.

3

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் சூரிய கிரகணம், இந்தியாவில் நன்றாகத் தெரியும் என்று படித்தேன். ஒரு மாத லீவு கேட்டு வாங்கினேன். தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த எங்கள் நிலம் கைமாறி, அப்பா அம்மா இருவரும் போய்விட்ட பிறகு, எனக்கு ஊர் என்றால் மல்லிகாவின் வீடுதான்.

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் எவ்வளவு தூரம் தெரியும் என்றார். சந்திரன்வரை என்றேன். எல்லைப் பக்கம் போகும் உத்தேசம் உண்டா என்றார். திருவண்ணாமலைதான் போகிறேன் என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட, அவர் மேலே ஒருவரைக் கூப்பிட, மூன்று மணி நேரம் நின்றேன். கடைசியில் என் பாஸ்போர்ட்டில் அதை எழுதி, திரும்பும்போது கையோடு எடுத்துப் போக வேண்டும் என்று முத்திரை குத்தினார்கள். சரி என்று தலையாட்டினேன். எடுத்துப் போகும் எண்ணம் எனக்கு அப்போதே இல்லை.

மல்லிகாவின் வீடு பெரிய கோயிலுக்கு வடகிழக்கே ஒரு சின்னத் தெருவில். அவள் கணவர் ஏகாம்பரம் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். அதிகம் பேசாத மனிதர். அவருடைய அம்மா கிருஷ்ணவேணி அம்மாள்தான் வீட்டுக்கு எல்லாம். கலியாணமாகி ஆறு வருஷத்தில் மல்லிகாவுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. நான் போனபோது மூன்றாவது கரு, அதற்கு நாலாம் மாதம் தொடங்கியிருந்தது. கிருஷ்ணவேணி அம்மாள் அவளைக் குடம் தூக்க விடுவதில்லை, வாசல்படி தாண்ட விடுவதில்லை. அந்த அம்மாளை நான் கெட்டவராகக் காட்டப் போவதில்லை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நான் கடல் தாண்டி இருந்தேன்.

முதல் வாரம் சாயங்காலங்களில் பின்கட்டில் தொலைநோக்கியை நிறுத்தினேன். கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் கொஞ்சம் சிமென்ட் தரை, ஓரத்தில் ஒரு முருங்கை மரம். அங்கிருந்து கிழக்கே நல்ல வானம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் வியாழன் எழும்பி வரும், பக்கத்திலேயே செவ்வாய். மல்லிகா பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நாலு புள்ளியும் ஒரே கோட்டில் இருப்பதைச் சொன்னாள். மறுநாள் அவை இடம் மாறியிருப்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். ஒரு காகிதத்தில் தினமும் புள்ளி வைத்து, எது எங்கே போகிறது என்று வரைய ஆரம்பித்தாள். எனக்கு மூன்று வருஷமாகத் தோன்றாத காரியம் அது.

கிரகணத்தன்று காகிதத்தில் சூரியனை விழவைக்கலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கிருஷ்ணவேணி அம்மாள் காதிலும் விழுந்தது. நீ பாத்துக்கம்மா, அவளுக்கு வேணாம் என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

4

அது சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்து, மிச்சம் இருந்த தண்ணீர்ப் பானை, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் தர்ப்பையைப் போட்டுவைத்தார்கள். மல்லிகாவை நடு அறையில் பாய் போட்டுப் படுக்கவைத்து, ஜன்னலில் போர்வையைக் கட்டினார்கள். அறையில் இருந்த கத்தரிக்கோல், ஊசி, அரிவாள்மணை எல்லாம் வெளியே போயின. கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி எதையாவது வெட்டினால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வெளியே தலை காட்டினாலும் அதேதான்.

தெருவில் ஆள் இல்லை. பஸ் சத்தம்கூடக் கம்மியாக இருந்தது. பின்கட்டில் நான் தனியாக நின்று, தினசரி நாள்காட்டியின் பழைய அட்டையைத் திருப்பி அதன் வெள்ளைப் பக்கத்தில் சூரியனைப் பிடித்தேன். ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்பு. அது மெதுவாக உள்ளே நகர்ந்தது. மூன்றரை மணிக்குச் சூரியன் பாதிக்கும் குறைவு. வெயில் இருந்தது, ஆனால் அது வெயில் மாதிரி இல்லை. காக்கைகள் நேரம் தப்பி மரத்துக்கு வந்தன. அப்போதுதான் தரையைப் பார்த்தேன். முருங்கை இலைகளின் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சம் ஒவ்வொன்றும் பிறையாக இருந்தது. சிமென்ட் தரை முழுக்க நூற்றுக்கணக்கில் பிறை.

பின்வாசல் கதவு திறந்தது. மல்லிகா நின்றாள்.

"அக்கா, நான் பாக்கணும்."

என்னைப் பற்றி ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். புத்தகம் படித்தவள், கறுப்புக் கண்ணாடியை உடைத்தவள், கடல் தாண்டி இதற்காகவே வந்தவள், அந்த நிமிஷம் பயந்துபோனேன். உள்ள போடி என்றேன். ரெண்டு போயிருக்கு, இதுவும் ஏதாச்சும் ஆச்சுன்னா என்றேன். கிருஷ்ணவேணி அம்மாளின் வார்த்தைகள் என் வாயில் வந்தன.

அவள் நகரவில்லை.

"சூரியன நான் பாக்கப் போறதில்ல. அட்டையத்தான் பாக்கப் போறேன். கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீதான சொன்ன? அப்போ வயித்துக்கு மட்டும் எப்படி ஆவும்?"

அவள் படி இறங்கி வந்தாள். வெறுங்காலோடு அந்தப் பிறைகள் மேல் நடந்து வந்தாள். அவள் புடவையிலும் பிறைகள் விழுந்தன. என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். படம் நழுவும்போதெல்லாம் குழாயை ஒரு நூல் தள்ளினாள். சாயங்காலங்களில் பழகிய கை. கால் மணி நேரம் அப்படியே நின்றாள். பிறை மெலிந்து, அதற்குமேல் மெலியாமல் நின்று, மறுபக்கம் பருக்கத் தொடங்கியதை முழுக்கப் பார்த்தாள்.

கிருஷ்ணவேணி அம்மாள் வந்து பார்த்தபோது கூச்சல் போடவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கிரகணம் முழுக்க விடுவதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அவர் எழுந்து வந்து, மல்லிகாவைக் கிணற்றடியில் உட்காரவைத்து, கட்டிய புடவையோடு தலையில் தண்ணீர் ஊற்றினார். எத்தனை குடம் என்று நான் எண்ணவில்லை. ஊற்றும்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

நான் கனடாவுக்குத் திரும்பும்போது தொலைநோக்கியை மல்லிகாவிடமே விட்டுவிட்டேன்; ஹாமில்டனில் எனக்குப் பிறகு வேறொன்று வாங்கிக்கொண்டேன். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டி, அந்தச் சாமான் எங்கே என்றார்கள். என் தங்கை வீட்டில் இருக்கிறது, எடுத்துப் போக மாட்டேன் என்றேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. மூன்று பிரதி எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி ஆளாக விமானம் ஏறினேன்.

5

ஆடி மாதத்தில் குழந்தை பிறந்தது. பெண். மேலுதடு இடது பக்கம் மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

ஏகாம்பரம்தான் எழுதியிருந்தார். நாலே வரி. தாயும் சேயும் நலம், குழந்தைக்கு உதட்டில் குறை, வேலூரில் காட்டச் சொல்கிறார்கள், அம்மா ரொம்ப மனசு விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். என்னைக் குற்றம் சொல்லி ஒரு சொல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

தெருவே பேசியது. எதிர்வீட்டு மருமகளும் அன்றைக்குப் பிள்ளைத்தாய்ச்சிதான். போர்வை கட்டிய அறையைவிட்டு அசையவில்லை, அவள் குழந்தை தங்கச் சிலை மாதிரி இருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பார்க்க வந்தவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு மல்லிகாவைப் பார்த்தார்கள். சிலர் கேட்கவே செய்தார்கள், வெளிநாட்டு அக்கா கொண்டாந்த குழாய்லதான பார்த்த என்று.

நானும் நம்பினேன். ஒரு வாரம், பத்து நாள். சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிக்கும்போது, புத்தகத்துக்குத் தெரியாதது ஏதாவது இருக்குமோ என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடு மல்லி, நான் வராமல் இருந்திருக்கலாம் என்று நீலக் கடிதத்தில் இரண்டு பக்கமும் எழுதி அனுப்பினேன்.

அவள் பதில் மூன்று வாரத்தில் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். "மன்னிப்புக் கேட்டு இனிமேல் எழுதாதே. நீ மன்னிப்புக் கேட்டால் என் பெண்ணை ஒரு தப்பு என்று நீயும் சொல்வதாகத்தான் அர்த்தம். ஊரில் அதைச் சொல்ல ஆள் ஜாஸ்தியாகவே இருக்கிறது. குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டோம். கதிர்மதி. அத்தை வேறு பெயர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பாலாடையில் பால் குடிக்கிறாள். எடை ஏறினால் தைத்துவிடலாம் என்கிறார்கள். உன் குழாயை அத்தை கிணற்றில் போடச் சொன்னார்கள். இவர் போடவில்லை. பரண்மேல் வைத்திருக்கிறார்."

சூரியனும் சந்திரனும் சேர்ந்த பெயர். எதனால் குழந்தை இப்படியானாள் என்று ஊர் சொல்கிறதோ, அதையே அவள் பெயராக வைத்துவிட்டாள்.

6

நவம்பரில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு அறுவை சிகிச்சை. மல்லிகா பன்னிரண்டு நாள் அந்த வார்டில் இருந்தாள். கூடவே கிருஷ்ணவேணி அம்மாளும் இருந்தார். அங்கே நடந்ததை மல்லிகா எனக்கு இரண்டு கடிதங்களில் எழுதினாள், பிறகு நான் ஊருக்குப் போனபோது நேரிலும் சொன்னாள்.

வார்டில் உதடு பிளந்த குழந்தைகள் நிறைய. ஆந்திராவிலிருந்து, தர்மபுரியிலிருந்து, மெட்ராஸிலிருந்து. கைக்குழந்தை, நடக்கிற குழந்தை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இரண்டாம் நாள் மல்லிகா எழுந்து முதல் கட்டிலுக்குப் போனாள். அந்தத் தாயிடம், கிரகணத்தன்றைக்கு எங்கே இருந்தீங்க என்று கேட்டாள். வீட்டுக்குள்ளதான், ஜன்னலைக்கூடத் திறக்கல என்றாள் அந்தப் பெண். அடுத்த கட்டிலிலும் அதே பதில். மூன்றாவது கட்டிலில் இருந்த பையனுக்கு மூன்று வயது. அவன் வயிற்றில் இருந்தபோது ஊரில் கிரகணமே இல்லை. தெலுங்கு பேசிய ஓர் அம்மாள், நாள் முழுக்க இருட்டில் படுத்திருந்தேன், பச்சைத் தண்ணி குடிக்கல, ஆனாலும் இப்படி ஆயிடுச்சு, நான் என்ன பாவம் பண்ணினேனோ என்று அழுதிருக்கிறார். மல்லிகா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பாவமும் பண்ணலங்க, நான் வெளிய நின்னு பாத்தேன், எனக்கும் இதேதான் என்றாளாம். இதைச் சொல்ல அவளால் மட்டுமே முடியும்.

ஒரு கட்டிலையும் விடாமல் கேட்டு முடித்தாள். கிரகணத்தைப் பார்த்தவள் என்று அந்த வார்டில் இருந்தது அவள் ஒருத்திதான்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது, உதடு எத்தனாவது மாசம் உருவாகும் என்று கேட்டாள். இரண்டு மாதம் முடிவதற்குள் சேர்ந்துவிட வேண்டும், சேராவிட்டால் பிளவுதான் என்றார் அவர். கிரகணத்தன்று அவளுக்கு நாலாம் மாதம். மல்லிகா மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, கேட்டீங்களா? நான் வெளிய வர்றதுக்கு முன்னாடியே எம் பொண்ணு ஒதடு அப்படித்தான் இருந்துருக்கு."

கிருஷ்ணவேணி அம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குனிந்து அதன் துணியைச் சரிசெய்தார். அவர் மனசு மாறிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும். மாறவில்லை. இன்றுவரை அவர் அந்தக் குழாயில் கண் வைத்ததில்லை, மல்லிகா வற்புறுத்தியதும் இல்லை. பேத்தியை மட்டும் இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லை.

டொரொண்டோத் தம்பி, நீங்கள் கேட்ட நஷ்டம் இதுதான். இருட்டறையில் படுத்த பெண்ணுக்குக் குழந்தை நன்றாகப் பிறந்தால் இருட்டறைக்குப் புகழ். குறையோடு பிறந்தால், அவள் எங்கேயோ தவறிவிட்டாள் என்று ஆயுசுக்கும் குற்றம். இரண்டு மணி நேரத்தோடு முடிகிற விஷயம் இல்லை இது.

7

வேலூரிலிருந்து வந்த அடுத்த அமாவாசை வாரத்தில் மல்லிகா பரண்மேல் இருந்ததை இறக்கினாள். பின்கட்டில் நிறுத்திவிட்டு, பார்க்க வேண்டியவர்கள் வரலாம் என்று தெருவில் சொல்லிவிட்டாள். முதல் வெள்ளிக்கிழமை எவரும் வரவில்லை. தானே பார்த்துவிட்டு மடக்கி வைத்தாள். அடுத்த வெள்ளி இரண்டு பேர். அதில் ஒருத்தி எதிர்வீட்டு மருமகள், தங்கச் சிலையைத் தூக்கிக்கொண்டு. சந்திரனில் இருக்கிற பள்ளங்களைப் பார்த்துவிட்டு, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்குதே என்றாளாம்.

தெருவிளக்கின் வெளிச்சம் பின்கட்டுவரை வந்து கெடுத்தது. ஏகாம்பரம் அதைப் பற்றி எவரிடமும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடும் நேரத்துக்கு முன் அரை மணி அந்த ஒரு கம்பத்து விளக்கு மட்டும் அணைந்துபோகும். ரிப்பேர் என்பார். மூன்றரை வருஷமாக ரிப்பேர்.

கவிதாவுக்கு இதையெல்லாம் போன வாரம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள், தொலைக்காட்சியை அணைத்துவிட்டே கேட்டாள். கடைசியில், சித்திகிட்ட எல்லாரும் சாரி சொன்னாங்களா என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எதற்கும் சாரி சொல்லவைத்துவிடுகிறார்கள்.

நேற்று மல்லிகாவின் கடிதம் வந்தது. கதிர்மதிக்கு நாலு வயது ஆகப்போகிறது, நர்சரிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்று ஓர் இடம். எழுதிக்கொண்டிருந்த பள்ளிக் குமாஸ்தா குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை நிறுத்தியிருக்கிறார். நல்ல மனிதர்தான். கழுத்துல மச்சம் இருக்குதே, அத எழுதிக்கலாம்மா, நாளைக்குப் பாப்பா வளந்து படிச்சா சங்கடப்படும் என்றாராம்.

மச்சத்த ரெண்டாவதா எழுதுங்க, மொதல்ல மேலுதட்டுல தழும்புன்னு எழுதுங்க என்றிருக்கிறாள் மல்லிகா.

அவர் எழுதினார். எழுதிவிட்டு, கிரகணத்துல ஆனதாம்மா என்று மெல்லக் கேட்டார்.

"கிரகணத்த நான் பாத்தேங்க. நல்லா இருந்துச்சு. இவ ஒதடு அதால ஆனதில்ல."

அவர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினாராம். ஏகாம்பரம் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார், பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டார். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் மல்லிகா தன் முழுப் பெயரையும் எழுதினாள்.